பக்கெட்டில் மீந்த பந்துகள்: கோல்ஃப் ரேஞ்சுக்கு வருகிறவர்களுக்கும் அதை நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கோல்ஃப் ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகும் இடத்தில், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பி வருவதற்குள் காசு கொடுத்து வாங்கிய என் பந்து பக்கெட் பாதி காலியாகியிருந்தது. என் மேட்டில் (நின்று அடிக்கும் விரிப்பில்) நின்று ஓர் இளைஞர் ஏழாம் நம்பர் ஐயன் என்னும் இரும்புத்தலைக் கிளப்பால் (மட்டையால்) என் பந்துகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல ஸ்விங். கையில் போட்டிருந்த கிளவுஸ் புதிது, உறைக்குள் இருந்த மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

என்னைப் பார்த்ததும் கிளப்பை இறக்கிவிட்டார். "சார், இது உங்களுதா? யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார். முகம் சுருங்கிப் போய்விட்டது. என் பை தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தது. அவர் வந்த வழியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் மேட்டின் ஓரத்தில் இருந்த ஒரு பக்கெட், அதில் நாற்பது பந்துகள். பக்கத்தில் ஆள் இல்லை.

"பரவாயில்லை தம்பி" என்றேன். உள்ளுக்குள் கோபம் வந்தது உண்மை. அந்த நாற்பது பந்தையும் வெட்ஜுக்கென்று (குறைந்த தூர ஷாட்டுக்கான கிளப்) மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். முதல் அறுபதில் உடம்பைத் தளர்த்திவிட்டு, கடைசி நாற்பதில் சின்ன ஷாட்டுகளை நிதானமாக அடித்துப் பழகுவது என் வழக்கம். அவர் ஒன்றும் பேசாமல் கவுண்டருக்குப் போய் ஒரு பக்கெட் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கடைசியில் இரண்டு பேருமாகப் பங்கு போட்டு அடித்தோம். அப்போதுதான் சொன்னார்: "நான் முன்னாடி போயிட்டிருந்த ரேஞ்சுல இப்படித்தான் சார். பக்கெட்டை விட்டுட்டுப் போனா அடுத்து வர்றவங்களுக்குன்னு அர்த்தம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சில ரேஞ்சுகளில் அதுதான் பழக்கம். வேறு சில ரேஞ்சுகளில் அடுத்தவர் பக்கெட்டில் கை வைத்தால் திருட்டைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பந்து எடுத்துக்கொண்டு வெளியே போகக் கூடாது, அடிக்கும் இடத்தின் முன்கோட்டைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் பலகை வைத்திருப்பார்கள். மீந்த பந்தை என்ன செய்வது என்று எழுதிய பலகையை மட்டும் நான் எங்கும் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தத் தம்பி மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு வழக்கம் இல்லை, அவ்வளவுதான். அதை உண்டாக்கிக்கொள்ளலாமே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கோல்ஃப் மாதிரி விதிகளை எழுதி வைத்த விளையாட்டு அதிகம் இல்லை. ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வகுக்கும் விதிகளில், அடுத்தவர் பந்தை அடித்தால் என்ன ஆகும் என்பது தெளிவாக இருக்கிறது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் 2 ஸ்ட்ரோக் (அடி) தண்டனை, ஒவ்வொரு ஹோலாக வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேயில் அந்த ஹோலே போய்விடும். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். தவறான பந்து என்றால் எதிராளியின் பந்து மட்டும் கிடையாது. யாரோ எப்போதோ விட்டுப்போய்ப் புல்லில் அநாதையாகக் கிடக்கும் பந்தும் அந்தக் கணக்கில்தான் வரும். காணாமல் போன பந்தைத் தேடக்கூட நேரம் வகுத்திருக்கிறார்கள். முன்பு 5 நிமிடமாக இருந்தது, 2019-ல் 3 நிமிடமாகக் குறைத்தார்கள். அதே ஆண்டு திருத்தத்தில், முன்பெல்லாம் விதிகளுக்கு வெளியே தனிப் பகுதியாக இருந்த நடத்தை முறைகளை விதி 1.2-க்குள் கொண்டுவந்தார்கள். நேர்மையாக இரு, அடுத்தவரை நினைத்து நட, மைதானத்தைக் காப்பாற்று என்பது அதன் சாரம்.

இதெல்லாம் கோர்ஸுக்கு, அதாவது ஆட்டம் நடக்கும் மைதானத்துக்கு. அங்கிருந்து நூறடி தள்ளியிருக்கும் ரேஞ்சுக்கு வந்துவிட்டால் மீந்த பந்தைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை. இத்தனைக்கும் நம்மில் பலர் கோர்ஸில் அடிக்கும் பந்துகளைவிட ரேஞ்சில் அடிப்பவைதான் பல மடங்கு அதிகம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் மாதக்கணக்கில் ரேஞ்சை விட்டு வெளியே வருவதே இல்லை. அவர்கள் இந்த விளையாட்டின் பண்பாட்டை முதலில் பார்ப்பது அங்கேதான்.

மீந்த பந்து யாருடையது என்ற குழப்பம் பழைய காலத்தில் வந்திருக்காது. பதப்படுத்திய தோலைப் பைபோலத் தைத்து, அதற்குள் இறகுகளைத் திணித்துப் பந்து செய்த காலத்தில் ஒரு கைவினைஞர் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகள் செய்தாலே பெரிய விஷயம். அப்படிப்பட்ட பந்தை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா? 1848 வாக்கில் கட்டா பெர்ச்சா என்னும் மரப்பிசினில் பந்து வார்க்கத் தொடங்கிய பிறகுதான் விலை இறங்கியது. அதற்குப் பிறகும் வெகுகாலம், பயிற்சி என்றால் அவரவர் பழைய பந்துகளை ஒரு பையில் போட்டு எடுத்துவர வேண்டும். பந்து விழும் இடத்தில் கேடி (ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் உதவியாளர்) நின்று பொறுக்கிக் கொடுப்பார். கடைசிப் பந்து அடித்து முடித்ததும் பை மறுபடி நிறைந்திருக்கும். யாருடைய பந்து என்ற கேள்விக்கே இடமில்லை.

இன்றைக்கு நாம் ரேஞ்சில் வாங்குவது பந்தை இல்லை. பந்து ரேஞ்சுடையது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். டோக்கன் போட்டதும் பந்து மெஷின் கடகடவென்று கொட்டுகிறதே, அந்த ஒவ்வொரு பந்தையும் ஒருமுறை அடிக்கும் உரிமையைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அந்த உரிமை நாம் இருக்கும்வரை நம்முடையது. தண்ணீர் குடிக்கப் போனாலும், போன் பேச வெளியே போனாலும், பாத்ரூம் போனாலும் அது நம்மோடுதான் இருக்கிறது. கிளம்பும்போது அதை யாருக்காவது கொடுக்கலாம். கொடுக்காமல் போனால் பந்தும் உரிமையும் ரேஞ்சுக்கே திரும்பிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோகும் உரிமை மட்டும் எந்த நேரத்திலும் நமக்குக் கிடையாது.

என் கோரிக்கை மிகச் சின்னது. விட்டுப் போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். எடுக்க நினைப்பவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கட்டும். சொல்ல ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை என்றால் பக்கெட்டே பேசட்டும். முடித்துவிட்டுக் கிளம்புகிறவர் மீதிப் பந்துகளை மேட்டின் பின்பக்கத் தட்டில் கொட்டிவிட்டு, பக்கெட்டைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடலாம். கவிழ்ந்த பக்கெட் என்றால் ஆள் போய்விட்டார், அடிக்கலாம். நிமிர்ந்த பக்கெட் என்றால் ஆள் திரும்பி வருவார், தொடாதே. இதற்குச் செலவு இல்லை, மொழி தெரிந்திருக்கவும் வேண்டாம். தனியாக வரும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒருமுறை சொன்னால் புரியும்.

நிமிர்ந்த பக்கெட் வெகுநேரம் அப்படியே இருந்தால்? பக்கத்து பேயில் (ஒருவர் நின்று அடிக்கும் தடுப்புக்குள்) இருப்பவரிடம் கேளுங்கள். "இங்கே இருந்தவர் போயிட்டாரா?" என்று கேட்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. அவருக்கும் தெரியவில்லை என்றால் கவுண்டரில் கேட்கலாம். கோர்ஸில் காணாமல் போன பந்துக்கே 3 நிமிடம் பொறுக்கிறோம், காணாமல் போன ஆளுக்கு ஒரு பத்து நிமிடமாவது பொறுப்பது நியாயம் என்று நினைக்கிறேன். அதே நேரத்தில் பக்கெட்டை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. கூட்டமான மாலை நேரத்தில், பத்து பேர் இடத்துக்காக நிற்கும்போது, பக்கெட்டையும் கிளப்பையும் போட்டு இடம் பிடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது சரியில்லை. வாங்கியது பந்தடிக்கும் உரிமை, இடத்துக்குப் பட்டா இல்லை.

இனி, பந்து எங்கே கிடக்கிறது என்பது. பக்கெட்டில் இருப்பதும் தட்டில் இருப்பதும் ஒரு வகை, அதைப் பேசியாகிவிட்டது. மேட்டைச் சுற்றிக் காலடியில் உருண்டு கிடப்பவை இன்னொரு வகை. அவை பெரும்பாலும் யாரோ பக்கெட்டைத் தட்டிவிட்டு எடுக்காமல் போனவை. உங்கள் பேயில் கிடந்தால் தாராளமாக அடியுங்கள். பக்கத்து பேயில் கிடந்து, அங்கே ஆள் இருந்தால் அவர் வசம் விட்டுவிடுங்கள். அவர் ஸ்விங்கின் நடுவில் காலுக்கடியில் கை நீட்டிப் பந்து பொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளப்பின் தலை முழு வேகத்தில் வரும் வட்டத்துக்குள் தன் தலையை நீட்டுகிறோம் என்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

மூன்றாவது வகைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. கோட்டுக்கு முன்னால், ஐந்தாறு அடி தள்ளி, புல்லில் பளிச்சென்று கிடக்கும் பந்துகள். டாப் ஆகி (பந்தின் மேற்பகுதியில் மட்டும் அடிபட்டு) உருண்டவை, மேட்டின் விளிம்பில் பட்டுத் தெறித்தவை. எட்டி எடுத்தால் இன்னும் பத்துப் பந்து கிடைக்குமே என்று தோன்றும். கையால் எட்டாவிட்டால் கிளப்பை நீட்டி இழுப்பார்கள், அதுவும் எட்டாவிட்டால் ஒரு கால் கோட்டைத் தாண்டும்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கோல்ஃப் பந்தின் எடை விதிப்படி 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கைக்குள் அடங்கும் கெட்டியான சின்ன உருண்டை. கிளப் அதைத் தொடுவது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் சாதாரண ஆட்டக்காரரின் டிரைவரிலிருந்தே (அதிகத் தூரம் அடிக்கும் கிளப்) அது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். உலகத் தரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடித்தால் 270-ஐத் தொடும். அதுவும் நேராகப் போகும் என்று யார் சொன்னது? ஷாங்க் என்கிறோமே, கிளப்பின் முகத்தில் படாமல் கழுத்தில் பட்டு வெட்டிக்கொண்டு போகும் ஷாட், அது பக்கவாட்டில்தான் பாயும். வலது கைக்காரர் அடித்தால் வலப்புறம். வலப்புற பேயில் கோட்டைத் தாண்டிக் குனிந்திருக்கும் ஆளின் தலை அப்போது எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். ஷாங்க் அதிகம் அடிப்பவர்கள் புதிதாகக் கற்பவர்கள். அவர்கள்தான் ரேஞ்சில் அதிகம்.

ஒருநாள் மாலை என் கண் முன்னால் ஒரு சிறுவன் இப்படிப் போனான். அப்பா போனில் இருந்தார். பையன் பக்கெட் காலி, கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பந்துகள். பூனை மாதிரிக் குனிந்து போய் இரண்டைச் சட்டையில் போட்டுக்கொண்டான், மூன்றாவதுக்குக் கை நீட்டினான். மூன்று பே தள்ளி ஒருவர் டிரைவரைத் தூக்கிவிட்டார். நான் கத்திய கத்தில் ரேஞ்சே நின்றுவிட்டது. பந்து அவனிடமிருந்து நல்ல தூரத்தில்தான் போனது, ஒன்றும் ஆகவில்லை. அவன் திரும்பி வந்து, சட்டையில் இருந்த இரண்டு பந்தையும் எடுத்து என்னிடம் நீட்டினான். பந்தை எடுத்ததற்காகத்தான் திட்டினேன் என்று நினைத்துவிட்டான். அது எனக்கு இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. அன்றைக்கு என் பக்கெட்டில் இருபது பந்து மிச்சம் இருந்தது. நான் முன்பே அவன் பக்கம் தள்ளியிருந்தால் அவன் கோட்டைத் தாண்டியே இருக்க மாட்டான்.

ஆகவே கோட்டுக்கு முன்னால் கிடப்பது யாருக்கும் மீதிப் பந்து கிடையாது. அது பந்துகளைப் பொறுக்கும் பிக்கர் வண்டிக்கு உரியது. (அந்த வண்டியைக் குறிவைத்து அடிப்பதை விளையாட்டாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று. கம்பிவலைக்குள் உட்கார்ந்திருப்பது ஒரு மனிதர். பந்து வலையில் மோதும் சத்தம் உள்ளே எப்படிக் கேட்கும் என்று ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.)

அப்புறம், மீதி வைப்பதே தப்பு என்று நினைக்கிறவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். காசு கொடுத்தாகிவிட்டது, ஒன்றுகூட விடக் கூடாது என்று கடைசி இருபது பந்தை இரண்டு நிமிடத்தில் படபடவென்று அடித்துத் தீர்ப்பவர்கள் எல்லா ரேஞ்சிலும் உண்டு. குறி பார்ப்பதில்லை, நிற்கும் நிலையைச் சரி பார்ப்பதில்லை, முந்தைய பந்து எங்கே விழுந்தது என்றுகூடப் பார்ப்பதில்லை. களைத்த உடம்பு எப்படி ஆடுகிறதோ அதையே கையும் தோளும் படித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கோச் திருத்தியதை அந்த இரண்டு நிமிடம் அழித்துவிடும். முழங்கை வேறு இருக்கிறது. உள்பக்க எலும்பு முனையில் வரும் வலிக்கு மருத்துவத்தில் இந்த விளையாட்டின் பெயரையே வைத்து கோல்ஃபர்ஸ் எல்போ என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கையை ஒரே விதமாக இறுக்கி வேலை வாங்குவதால் வருவது. கெட்டியான தரைமேல் விரித்த மேட்டில், களைத்த பிறகும் ஐயனை ஓங்கி ஓங்கி அடித்தால் அது சீக்கிரம் வரும்.

புல் தரை ரேஞ்ச் என்றால் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஐயனால் அடிக்கும் ஒவ்வொரு பந்தும் ஒரு சில்லுப் புல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பந்தை இஷ்டத்துக்கு அங்கங்கே வைக்காமல், முந்தைய டிவோட்டுக்கு, அதாவது புல் பெயர்ந்த இடத்துக்கு, சற்றுப் பின்னால் அடுத்ததை வைத்து ஒரே கோடாகப் பின்னோக்கிக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். கோடு நீண்டதும் பக்கத்தில் கொஞ்சம் புல்லை விட்டு அடுத்த கோடு. நடுவில் விட்ட புல் இருபுறமும் படர்ந்து மூடிவிடும். அவசரத்தில் அடிக்கும் இருபது பந்து இந்தக் கோட்டையெல்லாம் மதிப்பதில்லை, ஒரு கட்டில் அகலத்துக்குத் தரையைக் கொத்திப் போட்டுவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அடிக்க மனமில்லாத பந்தை அடிக்காமல் விடுவதும் அளவுதான். மீதி வைத்துவிட்டுப் போங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சரி, மீதியை யாருக்குக் கொடுப்பது? பக்கத்தில் பக்கெட் காலியாகிக்கொண்டிருக்கும் யாருக்கும். முதல் உரிமை பிள்ளைகளுக்கு என்று நான் நினைக்கிறேன். ஒரு பக்கெட் அவர்கள் கையில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. பெற்றோரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், பிள்ளையிடம் நேராகப் போய் நிற்காதீர்கள்.

கொடுக்கும் விதம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், இரண்டு வருடமாக ரேஞ்சுக்கு வருகிறவர், மீதிப் பந்து என்றாலே ஒதுங்கிவிடுவார். ஏன் என்று கேட்டேன். "பந்து கொடுக்கறவங்க பாதிப் பேர் அங்கேயே நின்னுடறாங்க. தலையைத் தூக்காதீங்க, முழங்கையை மடக்காதீங்கன்னு பாடம் ஆரம்பிச்சிடுவாங்க. பதினஞ்சு பந்துக்காக அரை மணி நேரம் தலையாட்டணும்" என்றார். அவருக்கு வாரம் ஒருமுறை தனியாகக் கோச் இருக்கிறார், அவர் சொல்லிக்கொடுத்த ஒன்றைத்தான் அன்றைக்குப் பழகிக்கொண்டிருந்தார். நண்பர்களே, பந்தைத் தட்டில் வைத்து, "நான் கிளம்பறேன், வேணும்னா அடிங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் இரண்டாம் முறை வற்புறுத்த வேண்டாம். கணக்காக இத்தனை பந்துதான் என்று வந்திருப்பார், இல்லை கிளம்பும் நேரமாக இருக்கும். ஸ்விங்கின் நடுவில் போய்ப் பேசாமல், அவர் ஒரு பந்தை அடித்து நிமிர்ந்த பிறகு பேசுங்கள்.

வாங்கிக்கொள்பவரும் ஒரு நன்றி சொல்லிவிட்டு அடிக்கலாம். கூச்சப்பட எதுவும் இல்லை.

இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கெட்டே வாங்காமல் ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்டு பே பேயாக நடந்து, மீந்ததைச் சேர்த்து அடித்துவிட்டுப் போகிறவர்கள். இவர்களில் மாணவர்கள் உண்டு, கையில் காசில்லாத, ஆனால் ஆட்டத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, ஒளிந்து பொறுக்காதே தம்பி, நேராக வந்து கேள், நான் கொடுக்கிறேன். சிறிய பக்கெட் ஒன்றையாவது வாங்கிவிட்டுக் கேட்டால் ரேஞ்சுக்காரர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். நல்ல வசதியோடு இருந்துகொண்டு இதைச் சாமர்த்தியமாக நினைத்துச் செய்கிறவர்களும் உண்டு. புல்லை வளர்ப்பது, விளக்குப் போடுவது, பந்தைக் கழுவுவது எல்லாம் நாலு பேர் வாங்கும் பக்கெட்டில்தான் நடக்கிறது. அதில் ஒருவர் மட்டும் சும்மா ஏறிக்கொள்வது அநியாயம்.

பையில் போட்டுக்கொண்டு போவது பற்றி ஒரே பத்தி போதும். கிளம்பும்போது ஒன்று இரண்டுதானே என்று எடுத்துப்போன, ரேஞ்சின் அடையாளமாகக் கோடு போட்ட பந்துகள் அப்புறம் கோர்ஸில் அங்கங்கே தென்படுகின்றன. அது திருட்டு, வேறு பெயர் இல்லை. அதில் லாபமும் கிடையாது. பல ரேஞ்ச் பந்துகள் குறைந்த தூரம் போகும்படியே செய்யப்படுகின்றன, கடினமான மேல்தோலோடு அடி தாங்குவதற்காக. ஆயிரக்கணக்கான அடி வாங்கி அவற்றின் குழிகளும் தேய்ந்திருக்கும். பந்தைத் தூரம் கொண்டுபோவதே அந்தக் குழிகள்தான். அவை காற்று இழுவையைக் குறைத்துப் பந்தை மேலே தூக்குகின்றன. குழியே இல்லாத வழவழப்பான பந்து ஏறத்தாழப் பாதித் தூரம்தான் போகும். தேய்ந்த பந்தை வைத்துக்கொண்டு எந்தக் கிளப் எவ்வளவு தூரம் போகிறது என்று கணக்கிட்டால் கணக்கு தப்பும்.

இனி ரேஞ்சை நடத்துகிறவர்களுக்கு. ஐயா, அம்மா, நீங்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும். மீதிப் பந்தை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் ஒரு பக்கெட் விற்பனை போய்விடுமே என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். ஒரு ரேஞ்சில் ஊழியர் ஒருவர் ஓடிவந்து, "அப்படிக் கொடுக்கக் கூடாது, மேனேஜர் சொல்லியிருக்கார்" என்று ஒரு தாத்தாவிடமிருந்து பக்கெட்டைப் பிடுங்கியதை நானே பார்த்தேன். பேரன் வயதுப் பையனுக்குப் பத்துப் பந்து கொடுக்கப் போனவர் அவர். இரண்டு பேருமே அப்புறம் அந்த ரேஞ்சுப் பக்கம் வரவில்லை. பத்துப் பந்து ஓசியில் அடித்துப் பார்த்துப் பழகிய பையன்தானே நாளைக்குப் பக்கெட் வாங்குவான்?

உங்களால் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. முதலாவது, சிறிய பக்கெட். நூறு பந்துதான் குறைந்தபட்சம் என்றால் மீதி கட்டாயம் வரும். முப்பது நாற்பது பந்துக்கு ஒரு பக்கெட் இருந்தால் வேலை முடிந்து அரை மணி நேரம் கிடைத்தவரும் வருவார். கார்டில் பணம் போட்டு மெஷினில் பந்து எடுக்கும் வசதி உள்ள இடங்களில், தேவையான எண்ணிக்கையை மட்டும் எடுத்து, மிச்சத்தைக் கார்டிலேயே விட்டுவைக்க வழி செய்யுங்கள். தரைக்கடியிலிருந்து பந்து தானாக டீமேல் (பந்தைத் தாங்கும் சிறு முளைமேல்) ஏறிவரும் ரேஞ்சுகளில் இந்தத் தொல்லையே இல்லை, அடித்த பந்துக்குத்தான் கணக்கு. எல்லோராலும் அந்த இயந்திரம் வாங்க முடியாது என்பது தெரியும். கார்டில் மீதி வைப்பதற்கு அவ்வளவு செலவாகாது.

அடுத்து நான் கேட்பது ஒரு கூடை. வெளியே போகும் வழியில், கவுண்டருக்குப் பக்கத்தில், உங்கள் கண் பார்வையில் ஒரு பெரிய கூடை. மேலே 'மீதிப் பந்துகள்' என்று எழுதினால் போதும். கிளம்புகிறவர் யாருக்கும் கொடுக்க மனமில்லையா, பேச நேரமில்லையா, அதில் கொட்டிவிட்டுப் போகட்டும். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களும் முதல்முறை வருகிறவர்களும் ஒரு பக்கெட் வாங்கினால் அதிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொள்ளலாம் என்று வையுங்கள். அன்றைக்கு மிஞ்சினால் இரவில் மெஷினுக்கே திரும்பிப் போகட்டும். உங்களுக்கு ஒரு பந்தும் நஷ்டமில்லை. கோட்டுக்கு முன்னால் கை நீட்டும் பிள்ளைகள் குறைவார்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

இதை உங்கள் ஊழியர்களிடமும் கலந்து பேசுங்கள். மூடும் நேரத்தில் பே பேயாகப் போய்ப் பக்கெட்டை அடுக்குகிறவர்களுக்குத்தான் எந்த மூலையில் என்ன மீதி கிடக்கும் என்று தெரியும். கிளம்பும்போது பக்கெட்டைக் காலால் உதைத்துப் பந்துகளைத் தரையெல்லாம் இறைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிற ஒரு பெரியவரிடம் பேசியிருக்கிறேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு, "பக்கெட்லயே விட்டுட்டுப் போனாக்கூட போதும் சார்" என்றார். தட்டில் கொட்டிப் பக்கெட்டைக் கவிழ்க்கச் சொல்லும் என் யோசனை அவருக்கு வேலை வைக்கும் என்றால், தட்டு இல்லாத இடங்களில் பந்துகளைப் பக்கெட்டிலேயே விட்டு, பக்கெட்டை மேட்டை விட்டு எடுத்துப் பின்சுவர் ஓரமாக வைக்கலாம். மேட்டில் இருந்தால் ஆள் வருவார், சுவரோரம் இருந்தால் போய்விட்டார். எந்த அடையாளம் என்பதை அந்தந்த ரேஞ்சே முடிவு செய்துகொள்ளட்டும். எது முடிவானாலும் அதை ஒரு பலகையில் எழுதி மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். டோக்கன் போட்டுவிட்டுப் பந்து விழும்வரை எல்லோரும் சும்மாதான் நிற்கிறார்கள், படிப்பார்கள்.

பந்து இலவசமாகக் கிடைக்கும் கோல்ஃப் மன்றங்களின் ரேஞ்சுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே உள்ளது வேறு சிக்கல், தேவைக்கு மேல் அள்ளி வைத்துக்கொள்வது. அதை அங்கிருப்பவர்கள் எழுதட்டும்.

அந்தத் தம்பி இப்போதும் வருகிறார். கிளவுஸ் அழுக்காகிவிட்டது, ஸ்விங் இன்னும் நன்றாகிவிட்டது. போன சனிக்கிழமை நான் வந்தபோது அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். தட்டில் பன்னிரண்டு பந்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்த பக்கெட். "சார், உங்களுக்குத்தான்" என்றார். என்னிடம் ஒரு முழுப் பக்கெட் இருந்தது. அடுத்த பேயில் ஓர் அம்மாவும் மகளும் புதிதாக வந்திருந்தார்கள், கிளப்பை எப்படிப் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டுப் பார் தம்பி என்றேன். போய்க் கேட்டார். அந்தப் பெண் தலையாட்டியதும் தட்டைத் தூக்கி அங்கே வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டும் பலகைக்கு எழுதித் தர நான் தயார். வாசலில் வைக்கும் கூடைக்கு முதல் இருபது பந்தும் என் பக்கெட்டிலிருந்து வரும்.

அன்புடன்,
கடைசி பேயில் வெட்ஜ் பழகிக்கொண்டிருக்கும் ஒருவர்